கணிப்பொறிக்குள் ஒரு மரம்

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

மரம் என்றவுடன் நம் கண்முன் நிற்பது வேரும் கிளையும் நிழலும் கொண்ட மரமே. ஆனால் கணிப்பொறி அறிவியல் படிப்போருக்கு இன்னொரு மரம் உண்டு. அதன் வேர் மேலே இருக்கும். இலைகள் கீழே இருக்கும். அதற்கு நீர் வேண்டாம், இடம்தான் வேண்டும். நினைவகத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் சில நூறு பைட் இடம். அந்த இடம் எங்கிருந்து வருகிறது, அதை எப்போது கேட்டுப் பெற வேண்டும், கேட்டும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்னும் மூன்று வினாக்களைப் பற்றியதே இக்கட்டுரை. பிற துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் வாய்பாடு தெரிந்திருந்தால் போதும். மற்றவற்றை நான் சொல்லிவிடுகிறேன்.

வினா பிறந்த கதை

இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்பு வகுப்பில் சி மொழியில் மரம் அமைக்கக் கற்றுக்கொண்டோம். புதிய கணு வேண்டும்போதெல்லாம் 'மாலாக்' என்னும் கட்டளையால் இடம் கேட்போம். இடம் இல்லையென்று விடை வந்தால், "நினைவகம் நிரம்பிவிட்டது" என்று திரையில் அச்சிட்டு நிரலை முடித்துக்கொள்வோம். எங்கள் வகுப்பில் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் அந்த இரண்டு வரிகள் இருந்தன. அவை ஒருமுறையாவது வேலை செய்து பார்த்தவர் எவரும் இல்லை.

ஒருநாள் பேராசிரியரிடம் கேட்டேன்: "சார், முடித்துக்கொள்ள முடியாத நிரல் என்ன செய்யும்?"

அவர் சாக்பீசை மேசைமேல் வைத்தார். "நல்ல கேள்விம்மா. அதற்கு விடை நம் பாடப்புத்தகத்தில் இல்லை. லினக்ஸ் மூலநிரல் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். போய்ப் பார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரண்டு பருவ விடுமுறைகளிலும், மாலையில் ஆய்வுக்கூடம் மூடும் வரையிலும் பார்த்தேன். பார்த்தவற்றுள் எனக்கு விளங்கியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரு கோப்பு, பல பக்கங்கள்

வட்டில் இருக்கும் கோப்பை நாம் திறந்து படிக்கும்போது, லினக்ஸின் கருவாகிய கெர்னல் அதை 4096 பைட் கொண்ட பக்கங்களாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை கேட்டால் வட்டுவரை போக வேண்டியதில்லை. ஆனால் "இந்தக் கோப்பின் ஆயிரமாவது பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் நொடியில் சொல்ல வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு மரம் வைத்திருக்கிறார்கள். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் இது 'ரேடிக்ஸ் மரம்' என்ற பெயரில் இருந்தது. 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 பதிப்பிலிருந்து, மாத்யூ வில்காக்ஸ் எழுதிய 'எக்ஸ்-அரே' அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளே இருப்பது அதே வகை மரம்தான்.

இம்மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் 64 அறைகள் உண்டு. ஒரே கணு இருந்தால் 64 பக்கங்கள், அதாவது 256 கிலோபைட் வரையிலான கோப்பைக் குறித்துவிடலாம். இரண்டு அடுக்கு ஆனால் 64 பெருக்கல் 64, அதாவது 4096 பக்கங்கள், 16 மெகாபைட். மூன்று அடுக்கில் 1 கிகாபைட். நான்கு அடுக்கில் 64 கிகாபைட். நான்கே படி இறங்கினால் இவ்வளவு பெரிய கோப்பில் எந்தப் பக்கத்தையும் தொட்டுவிடலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு மரத்தின்மேல் மதிப்பு வந்தது.

இடம் எங்கிருந்து?

இனி முதல் வினா. 64 அறைகளும் சில குறிப்புகளும் சேர்ந்து ஒரு கணுவுக்கு 576 பைட் ஆகின்றன. 576 என்பது அழகான எண் அன்று. நினைவகத்தைப் பங்கிடும் அடிப்படை முறையோ இரட்டித்துக்கொண்டே போகும் அளவுகளில்தான் இடம் தரும். 'பட்டி' முறை என்று இதற்குப் பெயர். கென்னத் நோல்டன் 1965-இல் வெளியிட்டது. பெரிய துண்டை இரண்டாக்கி, அதில் ஒன்றை மறுபடியும் இரண்டாக்கி, கேட்ட அளவுக்கு வந்ததும் கொடுப்பது. திரும்பி வரும்போது தன் இணைத்துண்டோடு சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்வது. லினக்ஸில் இம்முறை தரும் மிகச் சிறிய துண்டு ஒரு முழுப் பக்கம். 576 பைட் வேண்டுமென்று கேட்பவருக்கு 4096 பைட் கொடுத்தால் மீதி எல்லாம் வீண்தானே?

இதற்கு விடை கண்டவர் சன் நிறுவனத்தில் இருந்த ஜெஃப் பான்விக். 1994-இல் அவர் விளக்கிய 'ஸ்லாப்' முறையில், பக்கங்களை மொத்தமாக வாங்கி, ஒரே வகைப் பொருளுக்கென்று ஒரே அளவில் அறுத்து அடுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு பக்கத்தில் நம் கணுக்கள் 7 அடங்கும். 7 பெருக்கல் 576 என்பது 4032. வீணாவது 64 பைட் மட்டுமே. ஒரு கணுவின் வேலை முடிந்தால் அதைக் கலைத்து அனுப்பிவிடுவதில்லை. அடுத்தவருக்கு ஆயத்தமாக அடுக்கிலேயே வைக்கிறார்கள்.

என் தாயார் முகூர்த்தச் சமையலுக்குப் போகும் குழுவில் வேலை செய்கிறார். பந்தி முடிந்ததும் எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவி, அளவு வாரியாகக் கவிழ்த்து அடுக்குவது அவர் பொறுப்பு. ஸ்லாப் முறையை முதன்முதலில் படித்தபோது, இதை அம்மாவுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாமே என்று எண்ணினேன். சொன்னேன். "வேற எப்படி வைப்பாங்க?" என்று கேட்டார்.

கேட்காமலே இருத்தல்

இடம் கேட்பதில் முதல் சிக்கனம் கேட்காமலே இருப்பது. இதையும் மூலநிரலில் மூன்று இடங்களில் கண்டேன்.

ஒரு கோப்பில் ஒரே பக்கம்தான் இருக்கிறது என்றால் எக்ஸ்-அரே அதற்காகக் கணுவே அமைப்பதில்லை. வேர் இருக்கவேண்டிய இடத்திலேயே அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதி வைத்துவிடுகிறது. சிறு கோப்புகள் மிகப் பல என்பதால் இது பெரிய மிச்சம்.

எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு முறைமை, கோப்பின் பகுதிகள் வட்டில் எங்கெங்கே உள்ளன என்பதை வேறொரு மரத்தில் குறித்து வைக்கிறது. அம்மரத்தின் வேர் தனியே இடம் தேடுவதில்லை. கோப்பின் விவரக் குறிப்புக்குள்ளேயே 60 பைட்டில் அடங்கிவிடுகிறது. தலைப்புக்கு 12 பைட், பதிவுக்குப் 12 பைட் வீதம் நான்கு பதிவுகள். ஒரு பதிவு தொடர்ச்சியான 128 மெகாபைட் வரை குறிக்கும் என்பதால், வட்டில் சிதறாமல் கிடக்கும் கோப்பு அரை கிகாபைட் இருந்தாலும் கூடுதலாக ஒரு கணுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, கெர்னல் முழுவதும் பயன்படும் சிவப்பு-கருப்பு மரம். அதன் கணு 24 பைட். அது தனி வீடு கட்டிக்கொள்வதே இல்லை. எந்தப் பொருளை மரத்தில் சேர்க்கிறோமோ அந்தப் பொருளின் வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்துகொள்ளும். பொருள் இருக்கிறதென்றால் கணுவும் இருக்கிறது. எனவே மரத்தில் சேர்க்கும்போது இடம் கேட்கும் பேச்சே எழாது. கணுவின் நிறம் சிவப்பா கருப்பா என்பதற்குக்கூட வேறு இடம் எடுக்காமல், பெற்றோர் கணுவின் முகவரியில் எப்போதும் பூச்சியமாகவே இருக்கும் ஓர் இலக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கனம் என்றால் இதுவன்றோ சிக்கனம்!

பூட்டுக்கு முன்

கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் எப்போது கேட்பது? இதுவே இரண்டாம் வினா. என் பார்வையில் இக்கட்டுரையின் உயிரான வினாவும் இதுதான்.

ஒரே மரத்தை ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் மரம் குலைந்துவிடும். ஆகவே திருத்துபவர் முதலில் பூட்டுப் போட்டுக்கொள்வார். கெர்னலில் 'சுழல் பூட்டு' என்று ஒரு வகை உண்டு. பூட்டியவர் வெளியே வரும்வரை மற்றவர்கள் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பூட்டியவர் உள்ளே தூங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நினைவகம் கேட்டால் சில வேளைகளில் காத்திருக்க நேரும். காத்திருப்பது என்றால் தூங்குவதுதான். எனவே பூட்டிய பின் தாராளமாகக் கேட்க முடியாது.

அப்படியானால் பூட்டுவதற்கு முன்பே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை கணு வேண்டும் என்பதோ மரத்தை உள்ளே சென்று பார்த்தால்தான் தெரியும். உள்ளே செல்லப் பூட்ட வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் என்னைக் கவர்ந்தது. எத்தனை வேண்டும் என்று தெரியாவிட்டாலும், எத்தனைக்கு மேல் ஒருநாளும் வேண்டியிராது என்று கணக்கிடலாம் அல்லவா? பக்க எண்ணுக்கு 64 இலக்கங்கள். ஒவ்வொரு அடுக்கும் 6 இலக்கங்களைத் தின்னும். ஆகவே மரம் 11 அடுக்குக்குமேல் போகாது. மிக மோசமான நிலை எது? மரத்தில் முதல் பக்கம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இப்போது உலகத்தின் கடைசிப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். முதல் பக்கத்துக்கு 11 கணுக் கொண்ட ஒரு கிளை, கடைசிப் பக்கத்துக்கு 11 கணுக் கொண்ட இன்னொரு கிளை. உச்சிக் கணு மட்டும் இரண்டுக்கும் பொது. 22-இல் ஒன்று போக 21. ரேடிக்ஸ் மரத்தில் இந்த 21 கணுக்களை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொண்டுதான் பூட்டைத் தொடுவார்கள். மீந்தவை அடுத்தவருக்கு.

எக்ஸ்-அரே வந்தபின் இன்னொரு முறையும் சேர்ந்தது. முதலில் பூட்டிக்கொண்டு, உள்ளே காத்திராமல் கிடைக்கிறதா என்று முயன்று பார்ப்பது. கிடைக்காவிட்டால் பூட்டைத் திறந்துவிட்டு வெளியே வந்து, பொறுமையாக இடம் வாங்கிக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. இரண்டு முறைகளிலும் கொள்கை ஒன்றே: உள்ளே இருந்துகொண்டு காத்திராதே.

அம்மாவின் குழுவில் மாஸ்டர் 300 இலை என்றால் 300 இலைக்கு மட்டும் பட்டியல் போடமாட்டாராம். கூடுதலாக எத்தனை பேர் வரக்கூடும் என்று பெண் வீட்டாரையும் பிள்ளை வீட்டாரையும் தனித்தனியே கேட்டு, இரண்டையும் கூட்டிப் பட்டியல் போடுவாராம். பந்தி உட்கார்ந்தபின் யாரும் கடைக்கு ஓடக் கூடாது என்பது அவர் சட்டம்.

நான் செய்து பார்த்தது

படித்தால் மட்டும் போதாது என்று, இறுதியாண்டுத் திட்டப் பணியாகப் பி-மரத்தை எடுத்துக்கொண்டேன். போயிங் நிறுவன ஆய்வகத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-இல் கண்டு, 1972-இல் ஆய்விதழில் வெளியிட்ட மரம் இது. இன்றைய கோப்பு முறைமைகள் பலவற்றுக்கும் இதுவே மூலம். 'பி' என்பது எதைக் குறிக்கிறது என்று அவ்விருவரும் திட்டமாகச் சொல்லவில்லை.

பி-மரத்தில் ஒரு கணு நிரம்பிவிட்டால் அதை இரண்டாகப் பிளக்க வேண்டும். புதுக் கணு ஒன்று வாங்கி, பாதி எண்களை அதற்கு மாற்றி, நடுவெண்ணை மேல் கணுவுக்கு அனுப்ப வேண்டும். மேல் கணுவும் நிரம்பியிருந்தால் அதையும் பிளக்க வேண்டும். இப்படியே வேர்வரை போகலாம். வேரும் பிளந்தால் புதிய வேர் ஒன்று வேண்டும். ஆக மரத்தின் உயரம் நான்கு என்றால் மிக அதிகமாக வேண்டுவது ஐந்து கணு. உயரத்தைவிட ஒன்று கூடுதல், அவ்வளவே.

இரண்டு விதமாக எழுதினேன். முதல் விதத்தில் பிளக்கும்போது பிளக்கும்போது இடம் கேட்கும். இரண்டாம் விதத்தில் தொடங்கும் முன்பே உயரத்தைவிட ஒன்று கூடுதலாகக் கணுக்களை எடுத்து வைத்துக்கொள்ளும். மீந்ததைத் திருப்பித் தரும். பிறகு 'மாலாக்' கட்டளைக்குப் பதிலாக நானே ஒரு பங்கீட்டாளரை எழுதினேன். "இத்தனையாவது முறை கேட்டால் இல்லை என்று சொல்" என்று அதற்குக் கட்டளை. ஒன்றாவது முறை, இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று இல்லையெனச் சொல்லும் இடத்தை மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 10,000 எண்களை நுழைத்துச் சோதித்தேன். கெர்னலிலும் இவ்வாறு வேண்டுமென்றே மறுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'ஃபெயில்-ஸ்லாப்' என்பது அதன் பெயர். அதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

முதல் விதத்தில், கீழ்க்கணு பிளந்தபின் மேல்கணுவுக்கு இடம் மறுக்கப்பட்டால், பிளந்த பாதி பெற்றோர் இல்லாமல் அநாதையாய் நின்றது. எண்கள் நினைவகத்தில் இருந்தன, தேடினால் அகப்படவில்லை. கோப்பு முறைமையில் இது நடந்தால் என்ன பொருள்? யாரோ ஒருவருடைய நிழற்படம், யாரோ ஒருவருடைய ஆய்வேடு, வட்டில் இருந்தும் இல்லாமல் போகும். இரண்டாம் விதத்தில் மறுப்பு எப்போது வந்தாலும் புது எண் மட்டும் ஏற்கப்படவில்லை. பழைய மரம் ஓர் இலைகூடக் குலையாமல் நின்றது. கேள்வி ஒன்றே, மறுப்பும் ஒன்றே. கேட்ட நேரம்தான் வேறு.

தன்னையே சுற்றும் வட்டம்

மூன்றாம் வினாவுக்கு வருவோம். இடம் தீர்ந்துவிட்டால் கெர்னல் சும்மா இருப்பதில்லை. எழுதப்பட்டும் வட்டுக்குப் போகாத பக்கங்களை வட்டில் எழுதிவிட்டு, அவற்றின் இடத்தை மீட்கப் பார்க்கும். எழுதும் வேலை யாருடையது? கோப்பு முறைமையுடையது. இப்போது எண்ணிப் பாருங்கள். கோப்பு முறைமை தன் பூட்டைப் போட்டுக்கொண்டு, கணுவுக்கு இடம் கேட்கிறது. பங்கீட்டாளர் இடம் மீட்பதற்காக அதே கோப்பு முறைமையிடம் திரும்ப வருகிறார். அது தன் பூட்டைத் தானே திறக்கக் காத்து நிற்கிறது. இனி எந்நாளும் அது திறக்காது.

இதற்காகவே கேட்கும்போது ஒரு குறிப்பைச் சேர்த்துக் கேட்கும் வழக்கம் உண்டு: "இடம் தேடு, ஆனால் தேடிக்கொண்டு கோப்பு முறைமையிடம் மட்டும் வந்துவிடாதே." இதற்குச் 'நோ-எஃப்.எஸ்.' என்று பெயர். ஒவ்வொரு கேள்வியிலும் இதை மறவாமல் சேர்ப்பது கடினம் என்பதால், 2017 முதல் ஒரு பணியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் அப்பணி முடியும்வரை எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இல்லை என்று சொல்லாதவர்

2014 டிசம்பரில் கெர்னலை உருவாக்குவோரிடையே ஒரு விவாதம் எழுந்தது. எட்டுப் பக்கம், அதாவது 32 கிலோபைட் வரையிலான சிறு கேள்விகளுக்குப் பங்கீட்டாளர் அநேகமாக இல்லை என்றே சொல்வதில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருப்பார். கேட்டவர் நின்றுகொண்டே இருப்பார். எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமையை எழுதுவோர் இதைக் கேட்டுத் திகைத்தார்கள். மறுப்பு வந்தால் சமாளிக்க அவர்கள் வழி வைத்திருந்தார்கள். மறுப்பே வராவிட்டால் அந்த வழியால் என்ன பயன்?

இதன் விளைவு விளையாட்டன்று. இடம் கிடைக்காத நெருக்கடியில் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று அதன் இடத்தை எடுத்துக்கொள்ள முனையும். கொல்லப்பட வேண்டிய நிரலோ, இடம் கேட்டு நிற்பவர் போட்டிருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டுக் கிடைக்காமல் அது சாகவும் முடியாது. அது சாகாமல் இடமும் வராது. இடம் வராமல் பூட்டும் திறக்காது. மூவரும் அப்படியே நிற்பார்கள். 2016-இல் வந்த 4.6 பதிப்பில், கொல்லப்பட்ட நிரல் முறையாக வெளியேறும்வரை காத்திராமல் அதன் நினைவகத்தை முன்னதாகவே பறித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அது நோயைத் தணித்தது.

அப்படியானால் உடனே இல்லை என்று சொல்லும்படி மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அதிலும் இடர் உண்டு. இல்லை என்ற சொல்லையே கேட்டறியாத நிரல் வரிகள் ஏராளம். எங்கள் ரெக்கார்டு நோட்டில் இருந்த அந்த இரண்டு வரிகளைப் போல, ஒருமுறையும் ஓடிப் பாராதவை. திடீரென்று அவற்றை ஓடவிட்டால் எது எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஒரு தொழிற்படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது. கட்டணச் சலுகைக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு நாள் நடந்தோம். ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க" என்றே சொன்னார்கள். அன்பாகவே சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் பணம் கட்டும் கெடு முடிந்தது. அன்று இரவு அம்மா சொன்னது ஒன்றுதான்: "ஆகாதுன்னு மொத நாளே சொல்லியிருந்தா சங்கிலிய அடகு வச்சிருப்பேனே."

அந்த அலுவலகத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. இக்கல்லூரிக்கு வந்ததற்காக நான் வருந்தவும் இல்லை. ஆனால் அம்மா சொன்னதில் இருந்த கணக்கு, கெர்னல் விவாதத்தில் இருந்த அதே கணக்கு. இல்லை என்ற விடை காலத்தில் வந்தால் அது ஒரு செய்தி. அதை வைத்துக்கொண்டு வேறு வழி தேடலாம். வராத விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டுமே முடியும்.

அஞ்சறைப் பெட்டிப் பணம்

கடைசியாக ஒன்று. அழிப்பதற்கும் இடம் வேண்டும் என்றால் நம்புவீர்களா? கிறிஸ் மேசன் 2007-இல் ஆரக்கிள் நிறுவனத்தில் தொடங்கிய பி.டி.ஆர்.எஃப்.எஸ். கோப்பு முறைமை, எந்தக் கணுவையும் இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. புதிய இடத்தில் திருத்திய படியை எழுதி, மேல் கணுவையும் அவ்வாறே புதிதாக எழுதி, கடைசியில் வேரை மாற்றும். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய மரம் முழுதாக இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் வட்டு நிரம்பிவிட்டது, ஒரு கோப்பை நீக்கி இடம் உண்டாக்கலாம் என்று போனால், அந்த நீக்கத்தை எழுதவே புதிய கணுக்கள் வேண்டும்!

ஆகவே 512 மெகாபைட் வரையிலான ஒரு பகுதியை அது எப்போதும் தொடாமல் ஒதுக்கி வைக்கிறது. சாதாரணச் செலவுக்கு அதில் கை வைப்பதில்லை. நெருக்கடியிலிருந்து வெளியேறும் வேலைக்கு மட்டுமே அது பயன்படும். நினைவகத்திலும் இவ்வாறே 'மெம்பூல்' என்று ஒரு சிறு கையிருப்பு உண்டு. அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கும் சீரகத்துக்கும் அடியில் மடித்து வைத்த பணத்தை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். அது பண்டிகைக்குப் புடைவை எடுக்க அன்று. பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போக.

யாருக்காக?

வாய்மொழித் தேர்வில் வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இப்போது நினைவகம் மலிந்துவிட்டதே. இத்தனை பாடு எதற்கும்மா?"

"சார், நம் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் இருப்பது 2 கிகாபைட். என் அம்மா வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் உள்ளே ஓடுவது இதே லினக்ஸ் கெர்னல்தான். நினைவகம் நிறைய உள்ளவர்களுடைய பொறியில் அந்த இரண்டு வரிகள் ஒருநாளும் ஓடாமல் இருக்கலாம். எங்கள் பொறிகளில் ஓடும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்.

நண்பர்களே, நான் மூன்றாண்டுகளில் கற்றவற்றுள் இதை முக்கியமாக நினைக்கிறேன். எல்லாம் கிடைக்கும் நாளில் எந்த நிரலும் சரியாகத்தான் ஓடும். கிடைக்காத நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, கிடைக்கும் நாளிலேயே உட்கார்ந்து எண்ணி எழுதியவர்கள் இருக்கிறார்கள். 21 கணு என்று விரல்விட்டு எண்ணியவர் என்னைப் போன்ற ஒருத்தியின் கைப்பேசியை மனத்தில் வைத்து எண்ணவில்லை. ஆயினும் அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

அடுத்த ஆண்டு திட்டப் பணி எடுக்கப்போகும் தம்பி தங்கையர்க்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் மூலநிரல் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது கணிப்பொறியில் இருக்கிறது. ஆங்கிலம் தடையென்று அஞ்ச வேண்டாம். நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள்தான். சொற்களுக்குப் பொருள் எழுதிய என் குறிப்பேட்டைத் துறை நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதலில் எக்ஸ்-அரேவிலிருந்து தொடங்குங்கள். பி-மரத்தில் நான் கணு சேர்ப்பதை மட்டுமே செய்தேன், நீக்குவதைச் செய்யவில்லை. நீக்கும்போது எத்தனை கணு முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.